அத்தியாயம் 9: ஐம்பதைத் தாண்டிய பிறகு

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்திய அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் திறந்த எட்டு மையங்களில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் ஒன்று. அன்று முப்பத்தைந்து வயதில் முதல் மாத்திரையை வாங்கியவர் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்திருப்பார், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவருவார். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது, இந்த வைரஸோடு ஒருவர் முதுமையை எட்டுவார் என்பதை நினைத்துப் பார்க்கவும் முடிந்திருக்காது. அந்த முதுமை வந்துவிட்டது. அதை நல்லபடியாக வாழ்வதற்கான வழிகளைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மருந்தை ஒழுங்காக எடுத்து, வைரல் லோடு (ரத்தத்திலுள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவருக்கு இனி உயிராபத்து பெரும்பாலும் எச்.ஐ.வி.யிலிருந்து வருவதில்லை. மாரடைப்பு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, எலும்பு முறிவு, புற்றுநோய் என்று எல்லோருக்கும் வருகிற நோய்களிலிருந்தே வருகிறது. உங்களுக்கு அவை கொஞ்சம் முன்னதாக, ஒன்றுக்கு மேற்பட்டதாக வரக்கூடும். சிக்கல் இதில்தான். ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து) மையத்தில் வைரஸைப் பார்க்கிறார்கள், சர்க்கரைக்கு வேறு டாக்டர், மூட்டு வலிக்கு இன்னொருவர். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. எல்லா மருந்துச் சீட்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அந்தப் பொறுப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

மருந்து வைரஸ் பெருகுவதை நிறுத்துகிறது. ஆனால் சில செல்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸை அது அகற்றுவதில்லை. தொற்றிய தொடக்கக் காலத்திலேயே குடல் சுவரிலுள்ள நோய் எதிர்ப்புத் திசு பெரிதும் சேதமடைகிறது, அது முழுமையாகச் சீராவதில்லை. குடலில் இருக்கவேண்டிய கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. இதனால் எதிர்ப்பு மண்டலம் ஓய்வில்லாமல் விழிப்பிலேயே இருக்கிறது. நீறு பூத்த நெருப்பாக உடல் முழுவதும் நீடிக்கும் இந்த அழற்சி ரத்தக் குழாய்களையும் எலும்பையும் மூளையையும் மெல்ல மெல்லத் தேய்க்கிறது.

இதோடு பழைய மருந்துகளின் சுவடும் சேர்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் பலருக்குக் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒட்டச் செய்தது, பாதங்களில் எரிச்சலையும் மரத்துப்போதலையும் விட்டுச்சென்றது. அந்த மருந்து பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஆனால் அது நரம்புக்குச் செய்த சேதம் சிலருக்கு இன்னும் தொடர்கிறது. எனவே டாக்டரிடம் பேசும்போது இன்று எடுக்கும் மாத்திரையை மட்டும் சொன்னால் போதாது. எந்த ஆண்டு மருந்து தொடங்கினீர்கள், சிடி4 (நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) மிகக் குறைந்தபோது எவ்வளவு இருந்தது, இதுவரை என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதிவைத்திருங்கள். சிடி4 எவ்வளவு கீழே போய் மீண்டதோ, அவ்வளவு கவனம் பின்னாளில் தேவைப்படும்.

ஐம்பது வயதுக்கு மேல்தான் தொற்று தெரியவந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குச் சிடி4 ஏறுவது சற்று மெதுவாக நடக்கலாம். ஆனால் வைரஸைக் கட்டுப்படுத்துவதில் மருந்து இளையோருக்குப் போலவே நன்றாக வேலை செய்யும். தாமதமாகத் தொடங்கியதை நினைத்து மனம் தளர வேண்டாம்.

ஆண்டுக்கு ஒருமுறை: உறுப்பு உறுப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்

*இதயம்.* எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டினால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கப்படுகின்றன. கொழுப்புப் பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்குங்கள். 2023-இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வு இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையிலான 7,769 எச்.ஐ.வி. உள்ளவர்களைக் கொண்டு நடந்தது. இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் இல்லை என்று கருதப்பட்டவர்களுக்கே பிட்டாவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை கொடுத்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. எனவே “எனக்கு ஸ்டாட்டின் மாத்திரை தேவையா?” என்ற கேள்வியை நாற்பது வயதிலிருந்தே தயங்காமல் கேளுங்கள்.

பீடி, சிகரெட்டை விடுவதைவிடப் பெரிய சிகிச்சை எதுவும் இல்லை. மருந்தை ஒழுங்காக எடுப்பவரிடமிருந்து வைரஸ் பறிப்பதைவிட அதிக ஆண்டுகளைப் புகை பறிக்கிறது.

*சர்க்கரை.* இன்று பெரும்பாலோர் எடுக்கும் டி.எல்.டி. மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்ற மூன்றும் இருக்கின்றன. டொலுடெக்ராவிரில் எடை கூடுவதும், சிலருக்குச் சர்க்கரை ஏறுவதும் உண்டு. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத சோர்வு இருந்தால் வெறும் வயிற்றில் சர்க்கரை பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, முக்கியமாக ஜிடோவுடின் எடுப்பவர்களுக்கு, உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாம். ஆகவே அதை மட்டும் நம்பாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள். பாதம் மரத்துப்போனவருக்குச் சர்க்கரையும் சேர்ந்தால் காலில் படும் காயம் தெரியாது. இரவு படுக்கப் போகுமுன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

*சிறுநீரகம்.* டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வயது, சர்க்கரை, அழுத்தம் எல்லாம் சேரும்போது ஆபத்து கூடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். டொலுடெக்ராவிர் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறி, பிறகு அதே அளவில் நிற்கும். இது சிறுநீரகம் கெட்டதைக் காட்டுவதல்ல, பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் மருந்தை மாற்றுவது பற்றி மையத்தில் முடிவெடுப்பார்கள்.

*எலும்பு.* எச்.ஐ.வி.யும் டெனோஃபோவிரும் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களும் ஐம்பது தாண்டிய ஆண்களும் எலும்பு அடர்த்திச் சோதனை தேவையா என்று கேளுங்கள். தொடை இடுக்கில் நாள்பட்ட வலி இருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இடுப்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு சிதைவது இந்த நோயுள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

*கல்லீரல்.* ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறையாவது சோதனை செய்திருக்க வேண்டும். பி தொற்று இருப்பவர் கவனிக்க: டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கிவைக்கின்றன. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரெனக் கொழுந்துவிட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

*புற்றுநோய்.* எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு. உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு 25 வயதிலிருந்தே சோதனையைத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. மாதவிடாய் நின்றுவிட்டது, கணவர் இல்லை, இனி எதற்கு என்று நினைக்க வேண்டாம். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்து தங்கியிருக்கலாம். மார்பில் கட்டி, மலத்தில் ரத்தம், ஆசனவாயில் புண், ஆறாத வாய்ப்புண், குரல் மாற்றம் எதுவாயினும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

*காசநோய்.* இதை வயதின் நோய்களோடு சேர்த்துச் சொல்லக் காரணம், முதியவரிடம் இது எளிதில் தவறிப்போகிறது என்பதுதான். இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை – இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மையத்துக்குப் போங்கள்.

*தடுப்பூசி.* ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, ஏற்கெனவே தொற்று இல்லாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி ஆகியவை பற்றிக் கேளுங்கள். பெரியவர்களுக்கான சில ஊசிகளை விலை கொடுத்து வாங்க வேண்டிவரலாம். எது முதலில் தேவை என்று டாக்டரிடம் வரிசை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதும் இடங்கள்

அறுபது வயதில் ஒருவர் ஆறேழு மாத்திரை எடுப்பது சாதாரணம். சில சேர்க்கைகள் மருந்தின் பலனைக் கெடுக்கும், சில விஷமாகும். கீழே உள்ளவற்றை டாக்டரிடமும் மருந்துக் கடையிலும் நினைவூட்ட வெட்கப்படாதீர்கள்.

டொலுடெக்ராவிர் (டி.எல்.டி.) எடுப்பவர்களுக்கு:

1. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்து டொலுடெக்ராவிரை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். அதைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோதான் டி.எல்.டி. போட வேண்டும்.
2. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதே இடைவெளி வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். வெறும் வயிற்றில் சேர்த்து எடுக்கக் கூடாது.
3. மெட்ஃபார்மின் ரத்தத்தில் வழக்கத்தைவிட அதிகமாகச் சேரும். ஒரு நாளைக்கு 1000 மி.கி.க்கு மேல் போவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சர்க்கரை டாக்டருக்கு நீங்கள் எடுக்கும் கூட்டு மருந்து தெரியாவிட்டால் இந்த எல்லை அவருக்குத் தெரிய வழியில்லை.
4. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை டொலுடெக்ராவிரின் அளவை இறக்கிவிடும். இவற்றில் எதைத் தொடங்கினாலும் அன்றே மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

டெனோஃபோவிர் எடுப்பவர்களுக்கு: மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவது சிறுநீரகத்தை இரண்டு பக்கமிருந்தும் தாக்குவதாகும். பாராசிட்டமால் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாம் கட்ட மருந்தில் ரிட்டோனாவிர் இருப்பவர்களுக்கு: சிம்வாஸ்டாட்டின் கூடவே கூடாது. மூட்டுக்குள் போடும் டிரையாம்சினலோன் ஊசி, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஃப்ளூட்டிகாசோன், பியூடெசோனைடு ஆகியவை உடலில் தங்கி முகம் வீங்கச் செய்யும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை உருக்கும். ஒற்றைத் தலைவலிக்கான எர்காட்டமின், ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகள் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். அட்டசானவிர் எடுப்பவர், அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் பற்றிக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

நாட்டு மருந்து, செந்தூரம், பற்பம், லேகியம் எடுப்பவர்கள் அதை மறைக்க வேண்டாம். திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விட்டால் சிறுநீரகம் கெடும்போது காரணம் யாருக்கும் புரியாது.

தள்ளாமையை முன்கூட்டியே கண்டுபிடிக்க

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை வலு குறைகிறது என்று பொருள். தரையில் நான்கு மீட்டரை அளந்து, வழக்கமான நடையில் நடந்து பாருங்கள். ஐந்து விநாடிக்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். தடுமாற்றம் உள்ளவர்கள் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். முயலாமலேயே எடை குறைவது, எப்போதும் அசதி, பிடியில் வலு இல்லாமை ஆகியவையும் சேர்ந்தால் அது தள்ளாமையின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் கவனித்தால் பெருமளவு மீட்கலாம்.

மீட்பது உணவும் உடற்பயிற்சியும்தான். வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை, அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கலாம், சுவரில் கையூன்றித் தள்ளலாம். மூன்று வேளையும் சோறும் ரசமும் என்று முடித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு வேளையிலும் முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் என ஏதாவது ஒரு புரதம் தட்டில் இருக்கட்டும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இந்தக் கணக்கில் சேரும்.

வீட்டில் விழாமல் இருக்க: குளியலறையில் வழுக்காத பாயும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வையுங்கள், இரவில் சிறு விளக்கு எரியட்டும்.

ஞாபகம், மனம், தனிமை

மறதி கூடினால் உடனே எச்.ஐ.வி. மூளையைத் தின்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். தைராய்டு, பி12 குறைவு, தூக்கமின்மை, மன அழுத்தம் ஆகியவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணங்கள். மெட்ஃபார்மின் நெடுநாள் எடுத்தால் பி12 குறையும் என்பதும் நினைவிருக்கட்டும். மாத்திரையை மறக்காமலிருக்கக் கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி, போனில் அலாரம் இரண்டும் உதவும். போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்துக்குப் பெட்டி பதில் சொல்லிவிடும்.

இந்தத் தலைமுறை நிறைய இழந்திருக்கிறது. மருந்து வருவதற்கு முன்னால் கணவனை, மனைவியை, கூடப்பிறந்தவரை, நண்பர்களைப் பறிகொடுத்தவர்கள் இவர்கள். இளவயதிலேயே கணவனை இழந்து, புகுந்த வீட்டுப் பழியைச் சுமந்து, தனியாளாகப் பிள்ளைகளை ஆளாக்கிய பெண்கள் எத்தனையோ பேர். அந்தத் துக்கத்தை ஆற்றிக்கொள்ள அப்போது நேரமே இருக்கவில்லை. வயதான பிறகு அது மேலெழும்பி வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லை, அழுகை, பசியில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் என்றிருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். மையத்து ஆலோசகரிடம் சொல்லுங்கள். தேசிய உதவி எண் 1097-லும் பேசலாம். எச்.ஐ.வி. உள்ளோர் சங்கங்களின் கூட்டத்துக்குப் போய்வருவதும் மருந்துதான். ஒளித்துவைக்காமல் பேசக்கூடிய இடம் ஒன்று எல்லோருக்கும் வேண்டும்.

மாமியார் தினமும் என்ன மாத்திரை போடுகிறார் என்று மருமகள் கேட்பாளே என அட்டையைக் கிழித்து வேறு டப்பாவில் போட்டுவைப்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு நினைவு தப்பினால் மருந்தை எடுத்துத் தரவும், ஆஸ்பத்திரியில் உங்கள் நிலையைச் சொல்லவும் ஒரே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மகளோ, தம்பியோ, சங்கத்துத் தோழியோ, உங்கள் நம்பிக்கைக்குரிய அந்த ஒருவரை உடல் நன்றாக இருக்கும்போதே தேர்ந்தெடுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால்

மாத்திரையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கண் அறுவை, மூட்டு அறுவை, இதய அடைப்பு என எதற்காகச் சேர்ந்தாலும் கூட்டு மருந்து தடையின்றித் தொடர வேண்டும். வாய்வழி எதுவும் எடுக்கக் கூடாது என்றால், எப்போது மறுபடி தொடங்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள்.

எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும் பாகுபாடு காட்டுவதும் சட்டவிரோதமானவை. 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 இதைத் தடைசெய்கிறது. உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் நிலையை மற்றவருக்கு வெளிப்படுத்துவதையும் தடுக்கிறது. மறுத்தால் யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று எழுதிவைத்து, இச்சட்டத்தின் கீழ் மாநிலம் நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள். மையத்து ஆலோசகர் வழிகாட்டுவார்.

உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு

குளிப்பாட்டுவதாலோ, சோறு ஊட்டுவதாலோ, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ தொற்று வராது. ரத்தமோ புண்ணோ இருந்தால் கையுறை போடுங்கள், அது எந்த நோயாளிக்கும் பொருந்தும் விதி. வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகவும் தொற்று பரவுவதில்லை. பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டி மடியில் வைத்துக் கொஞ்சட்டும். தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து அவர்களை ஒதுக்காதீர்கள். அது எந்தத் தொற்றையும் தடுக்காது, அவர்கள் மனதை மட்டும் உடைக்கும்.

அடுத்த முறை மையத்துக்குப் போகுமுன்

- ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், எழுதிக்கொடுத்த டாக்டர் ஆகியவற்றை எழுதுங்கள். கடையில் நீங்களாக வாங்கியதும் நாட்டு மருந்தும் இதில் அடக்கம்.
- அடுத்த பக்கத்தில் அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம், எடை, சிடி4, வைரல் லோடு ஆகியவற்றைத் தேதியோடு குறியுங்கள். பெண்கள் கருப்பைவாய்ச் சோதனையின் தேதியையும் சேருங்கள்.
- மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: இந்த மாத்திரைகள் ஒன்றோடொன்று சேருமா? இவற்றில் எதையாவது குறைக்கலாமா? இந்த ஆண்டு எனக்கு என்ன சோதனை பாக்கி?
- இதே நோட்டைச் சர்க்கரை டாக்டரிடமும் எலும்பு டாக்டரிடமும் காட்டுங்கள். எச்.ஐ.வி. என்று சொல்லத் தயக்கமாக இருந்தால், மருந்துப் பெயர்களையாவது காட்டாமல் இருக்காதீர்கள். சரியான சிகிச்சைக்கு அது இல்லாமல் வழியில்லை.

இருபது ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போட்டு, கூட்டத்தில் காத்திருந்து, ஏளனத்தைத் தாங்கி உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர் நீங்கள். அந்த ஒழுங்கில் பத்தில் ஒரு பங்கு போதும், இந்த நோட்டைப் பராமரிக்க. இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தை எழுதுங்கள்.